தம்பிக்கு வாசலின் தடவிய மூன்று வாரம்



இரண்டு மாதமாக நான் பதிவு எதுவும் போடவில்லை. "டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று பழைய மாணவர்கள் நான்கைந்து பேர் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. தம்பியோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது படியுங்கள். படம் கிடையாது. "எழுதுனா எழுதிக்கோ, மூஞ்சியப் போட்டுராத எக்கா" என்று சொல்லிவிட்டான்.

என் தம்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறவியிலேயே தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை. தோல் இளஞ்சிவப்பு. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது, கருவிழி ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். ஊரில் அவனுக்கு 'வெள்ளையன்' என்று பெயர். பழகியவர்கள் அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். பழகாதவர்கள் குஷ்டம் என்பார்கள், வெண்புள்ளி என்பார்கள். இரண்டும் இல்லை. அல்பினிசம். தோலுக்கு நிறம் தருகிற மெலனின் உடம்பில் உற்பத்தி ஆகாது, அல்லது மிகக் குறைவாக ஆகும். எங்கள் அப்பா தன் சொந்த அக்கா மகளைத்தான் கட்டினார். நானும் தங்கச்சியும் அம்மா நிறம். நடுவில் இவன்.

இந்த மெலனினைப் பற்றி நான் எத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன் தெரியுமா? அறிவியல் ஆசிரியையாக 31 வருடம். மெண்டலின் பட்டாணிச் செடியைக் கரும்பலகையில் வரைந்து, ஒடுங்கு பண்பு தலைமுறை தாண்டி எப்படி வெளிப்படும் என்று கட்டம் போட்டுக் காட்டுவேன். உறவுக்குள் திருமணம் செய்தால் என்ன ஆகும் என்றும் சொல்வேன். தோல், சூரியக் கதிர், நிறமி என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவேன். நான் அப்படிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில் என் தம்பி கரிசக் காட்டில், மொட்டை வெயிலில், தலையில் ஒரு துண்டோடு நாற்பது ஆடுகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தான்.

அவனுக்கு கரும்பலகை தெரியாது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் தெரியாது. புத்தகத்தை மூக்கில் ஒட்டி வைத்துத்தான் வாசிப்பான். சோம்பேறி என்று நினைத்து வாத்தியார் அடித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றான். அப்பா ஆடு மேய்க்க அனுப்பினார். பத்து வயதிலிருந்து ஏறக்குறைய முப்பது வருடம். அதற்குப் பிறகுதான் பெட்டிக்கடை. வேலைக்குப் போன வருடத்திலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் அவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அரைக்கைச் சட்டை. வெயிலுக்கு அரைக்கைதான் காற்றோட்டமாக இருக்கும் என்று நானே தேர்ந்தெடுப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று நான்கு வருடமாகவே அவனுக்கு நெற்றியிலும் புறங்கையிலும் சொரசொரப்பு இருந்தது. பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. லேசான சிவப்பு, மேலே உப்புப் பொரிந்த மாதிரி செதில். தொட்டால்தான் தெரியும், உப்புத்தாளைத் தொடுகிற மாதிரி. படை என்று நினைத்து மருந்துக் கடையில் கேட்டுக் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். செதில் உதிரும், பத்து நாளில் அதே இடத்தில் மறுபடி வரும். வலது காது மடலின் விளிம்பில் இருந்தது மட்டும் தடித்துக்கொண்டே போய், ஒரு சின்னக் கொம்பு மாதிரி ஆனது. தலையணையில் உரசினால் ரத்தம் வரும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு பயம் வந்தது. முதல் பஸ் ஏறி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தோல் பிரிவில் ஓர் இளம் டாக்டர் அம்மா. (என் மாணவி இல்லை. எல்லா டாக்டரும் நம்மிடம் படித்தவராகவே இருப்பது சினிமாவில்தான்.) அந்தப் பெண் தம்பியின் முகத்தை விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தது என்றுகூடச் சொல்லலாம். தடவின இடத்தில் எல்லாம் பேனாவால் வட்டம் போட்டது. நெற்றியில் மூன்று, மூக்கில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, இரண்டு புறங்கையிலுமாக நான்கு. மொத்தம் ஒன்பது.

"இது வெயில் பட்டுப் பட்டு வந்ததும்மா. ஆக்டினிக் கெரட்டோசிஸ்னு சொல்வோம். இப்ப இது கேன்சர் இல்ல. ஆனா விட்டு வச்சா இதுல சிலது கேன்சரா மாறலாம். எது மாறும், எது மாறாதுன்னு பார்த்துச் சொல்ல முடியாது. அதனால எல்லாத்தையும் உறைய வச்சு எடுத்துடலாம். காதுல இருக்குறத மட்டும் கொஞ்சம் வெட்டி பயாப்சிக்கு அனுப்பணும்."

திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைப்பது. மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். வெப்பநிலைப் பாடத்தில் எண்ணாகச் சொன்னதோடு சரி, நான் நேரில் பார்த்ததில்லை. தம்பி பார்த்திருக்கிறான்! நர்ஸம்மா கேனின் மூடியைத் திறந்து புகை வெளியே வந்ததும் சிரித்துவிட்டான். "எக்கா, இது மாட்டாஸ்பத்திரியில சினை ஊசி வச்சிருக்க கேன்லா?" உண்மைதான். காளை விந்துக் குச்சிகளை அதில்தான் போட்டு வைப்பார்கள். எத்தனை பேருடைய பசுவைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருப்பான்! டாக்டர் அம்மாவுக்கும் சிரிப்பு. அதோடு அவனுக்கு பாதி பயம் போய்விட்டது.

பஞ்சு சுற்றிய குச்சியை அதில் முக்கி, வட்டம் போட்ட இடத்தில் அழுத்திப் பிடித்தார்கள். சில நொடியில் அந்த இடம் சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்தது. எடுத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக உருகிச் சிவந்தது. செல்லுக்குள் இருக்கிற நீர் பனிக்கட்டியாகி, செல் உடைந்து செத்துப்போகிறது. அடியில் இருக்கிற நார்ச்சத்து அப்படியே நிற்பதால் புதுத் தோல் அதன்மேல் ஏறி வரும், தழும்பு பெரிதாக இருக்காது. "எப்படி இருக்கு?" என்றேன். "தேள் கொட்டுன மாதிரி சுருக்குன்னு இருக்கு. நெத்தியில வச்சப்பதான் மண்டைக்குள்ள போய் வலிக்கு" என்றான்.

முடிந்ததும் டாக்டர், எல்லாரிடமும் சொல்வதைத் தம்பியிடமும் சொன்னது: "ஆறின பிறகு அந்த இடம் மட்டும் வெள்ளையாத் தெரியலாம். பரவாயில்லையா?" நிறமிச் செல்கள் மற்ற செல்களைவிடக் குளிரைத் தாங்காதவை. அதனால் கறுப்புத் தோலில் வெள்ளைப் புள்ளி நின்றுவிடுவதுண்டு.

தம்பி டாக்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இதுக்கு மேல எங்கம்மா வெள்ளையாவ?"

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். அவனுடைய தோலிலும் நிறமிச் செல்கள் இருக்கத்தான் செய்கின்றன. மை இல்லாத பேனா மாதிரி.

இனி காயத்தைப் பார்த்துக்கொண்ட கதை. உங்களில் யாருக்காவது மருவுக்கோ வேறு எதற்கோ இப்படி உறைய வைத்தால் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அன்று இரவு எல்லா இடமும் வீங்கின. மறுநாள் காலையில் கொப்புளம். புறங்கையில் ஒன்று கோலிக்குண்டு அளவு, அதற்குள் ரத்தம் கோத்துக் கறுப்பாக இருந்தது. நான் பதறிப்போய், சீட்டின் பின்னால் நர்ஸம்மா எழுதிக் கொடுத்ததை எடுத்து வாசித்தேன். கொப்புளம் வருவது இயல்பு, ரத்தக் கொப்புளமும் இயல்பு, உடைக்க வேண்டாம், தானாக உடைந்தால் மேல் தோலைப் பிய்க்க வேண்டாம் என்று இருந்தது. அந்த மேல் தோல்தான் அடியில் இருக்கிற புண்ணுக்குக் கூரை. ரொம்பப் பெரிதாகி வலித்தால் ஆஸ்பத்திரிக்கு வந்தால் சுத்தமான ஊசியால் நீரை மட்டும் எடுத்துவிடுவார்களாம். வீட்டில் சேலை ஊக்கால் குத்தக் கூடாது. வலிக்கு பாராசிட்டமால் போதும் என்றார்கள். போதுமாகத்தான் இருந்தது.

தினமும் ஒருமுறை, குளித்த கையோடு, நான் முதலில் என் கையை சோப்புப் போட்டுக் கழுவுவேன். பிறகு சாதாரண சோப்பும் தண்ணீரும் வைத்து அவன் காயங்களை மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பேன். தேய்க்கக் கூடாது. மேலே வாசலின், மெல்லிசாக. டப்பாவுக்குள் விரலை விட்டு விட்டு எடுக்காமல், சுத்தமான பட்ஸால் எடுத்துத் தடவுவேன். முகத்துக்குக் கட்டு வேண்டாம். கையில் மட்டும் ஒட்டாத துணி வைத்து மேலே பிளாஸ்டர், கடையில் சாமான் எடுக்கும்போது உரசுமே. டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்கள். அவை கிருமியோடு சேர்த்து, வளர்ந்து வருகிற புதுச் செல்லையும் எரித்துவிடும்.

எனக்கு ஒரு சந்தேகம். நாம் எல்லாரும் புண்ணைக் காற்றாட விடு, காய விடு, பொருக்குத் தட்டட்டும் என்றுதானே வளர்ந்தோம்? பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியை 12 வருடம் என் பொறுப்பில் வைத்திருந்தேன். முட்டி சிராய்த்து வருகிற பிள்ளைகளுக்கு டிங்சரைத் தடவி, "மூடாதே, காயட்டும்" என்று அனுப்பியிருக்கிறேன். ஆனால் 1962-லேயே ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளிடம் ஆய்வு செய்து, ஈரப்பதத்தோடு மூடி வைத்த புண்ணில் புதுத் தோல் சீக்கிரம் பரவுகிறது என்று எழுதிவிட்டார். ஓரத்திலிருந்து புதுத் தோல் செல்கள் நகர்ந்து நகர்ந்து வந்து மூட வேண்டும். ஈரமான தரையில் வழுக்கிக்கொண்டு வரும். காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் குடைந்துகொண்டு வர வேண்டும். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே தெரிந்த விஷயம். அந்த டிங்சர் எரிச்சலில் அழுத பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் இந்த டீச்சரை மன்னிக்கவும்.

மூன்றாம் நாள் கொப்புளங்கள் வற்றிக் கறுப்பும் பழுப்புமாகப் பொருக்கு வந்தது. அவன் முகம் வெள்ளை அல்லவா, ஒவ்வொரு பொருக்கும் தாளில் மை கொட்டிய மாதிரி எடுப்பாகத் தெரிந்தது. நான்காம் நாள் கடையைத் திறந்தான். அன்று சாயங்காலம் நான் காப்பி கொண்டு போனபோது, அடுத்த தெருப் பையன் ஒருவன் கையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டைத் திரும்பப் பலகையில் வைத்துவிட்டுக் காசைக்கூடக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தான். பத்து ரூபாய் அங்கேயே கிடந்தது. தம்பி அதை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டான். "அவங்க அம்மா வரும்போது குடுத்துரலாம்" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் தங்கச்சி மகள் கல்யாணம். உறைய வைத்த அன்றைக்குக் கணக்குப் பார்த்தால் சரியாக 23 நாள் இருந்தது. தாய்மாமன் இவன் ஒருவன்தான். மாலையும் சீரும் இவன் கையால்தான் போக வேண்டும். பட்டுச் சேலைக்கு ஒரு வருடமாகச் சீட்டுக் கட்டி வந்தான்.

ஐந்தாம் நாள் தங்கச்சி போன் பண்ணினாள். நான் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "எக்கா, மாப்ள வீட்ல கேட்டாக. அண்ணன் முகத்துல என்னமோ புண்ணு புண்ணா இருக்காம்லா, ஒட்டுவாரொட்டியான்னு. பேசாம சீர மட்டும் அண்ணன் குடுக்கட்டும், மாலைய வேற யாரையாச்சும் வச்சு..." நான் போனை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தம்பி முற்றத்தில்தான் உட்கார்ந்திருந்தான். எழுந்து தன் வீட்டுக்குப் போனான். (எங்களுக்கு வீடு வேறு, முற்றம் ஒன்று.)

மறுநாள் காலையில் வாசலின் டப்பாவோடு போனால், தலையணை உறையில் ரத்தம். நெற்றியில் இருந்த மூன்று பொருக்கையும் ராத்திரி நகத்தால் உரித்திருக்கிறான். "உரிஞ்சா சீக்கிரம் சரியாயிரும்னு நெனச்சேன்க்கா."

நான் டீச்சர் குரலில் கத்தினேன். அடுத்த வீடு வரை கேட்டிருக்கும். பொருக்கு தானாக விழுந்தால் அடியில் தோல் இருக்கும், நீ உரித்தால் புதுத் தோலும் கூடவே வந்துவிடும், ஒரு வாரம் பின்னால் போய்விட்டாய் என்று சொன்னேன். சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் 57 வயது ஆளை, ஏன் உரித்தான் என்று தெரிந்துகொண்டே, அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் வகுப்பில் அடி வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த மாதிரி.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. புறங்கைக் கட்டைப் பிரித்தால் மஞ்சள் மஞ்சேர் என்று இருக்கிறது. எதிர்வீட்டு மதினி மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டுவிட்டிருக்கிறார். பாசம்தான், வேறென்ன. அம்மா போன பிறகு அவனுக்கு எத்தனையோ நாள் சோறு போட்டவர். ஆனால் அரைத்து வைத்த மஞ்சள் சுத்தமானது என்று எப்படிச் சொல்வது? அதைவிட மோசம், மஞ்சள் நிறம் ஏறினால் சிவப்பு தெரியாது. புண் பழுக்கிறதா, ஆறுகிறதா என்று பார்க்க முடியாது. கழுவிப் பார்த்தபோதுதான், ரத்தக் கொப்புளம் இருந்த இடத்தைச் சுற்றி விரல் அகலத்துக்குச் சிவந்து, சூடாக, தொட்டால் கையை இழுத்துக்கொள்கிற அளவு வலி. ஓரத்தில் சீழ்.

உறைய வைத்த காயம் முதல் இரண்டு நாள் வலிக்கும், பிறகு குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்த வலி மறுபடி கூடினால், சிவப்பு பரவினால், சீழோ நாற்றமோ காய்ச்சலோ வந்தால் காத்திருக்கக் கூடாது. இதுவும் அந்தச் சீட்டில் இருந்தது. மறுநாள் முதல் பஸ். சுத்தம் செய்து, ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரையும் பார்த்தார்கள், இல்லை. "மஞ்சள் போட்டீங்களா?" என்று மட்டும் டாக்டர் அம்மா கேட்டது, திட்டவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கேட்குமோ! மூன்று நாளில் சிவப்பு அடங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவளிடம் பேசிப் பயனில்லை என்று அவளையும் கூட்டிக்கொண்டு நேரே சம்பந்தி வீட்டுக்கே போய்விட்டேன். ஓ.பி. சீட்டைக் காட்டி, ஒட்டுவாரொட்டி இல்லை, வெயிலால் வந்தது, தொட்டாலும் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது என்று பாடம் நடத்துகிற மாதிரியே சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவுகளுக்கு வெயிலு ஆகாதா? அப்ப சீரு வரிசைய காலைல எட்டு மணிக்கு முன்னாலயே வச்சுக்கிடுவோம். மேளக்காரங்ககிட்ட சொல்லிருதேன்" என்றார். அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் யாரோ ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்கள், மீதியெல்லாம் என் தங்கச்சியின் பயம். திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அந்த அரைக்கைச் சட்டைகள் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தன.

பத்தாம் நாள் கன்னத்திலும் மூக்கிலும் பொருக்கு தானாக உதிர்ந்தது. குளிக்கும்போது கையோடு வந்துவிட்டதாம். அடியில் குழந்தையின் உள்ளங்கை மாதிரி ரோஜா நிறத் தோல். உரித்த நெற்றிதான் பதினெட்டு நாள் எடுத்தது. கை கடைசி வரை கட்டோடு இருந்தது. முகத்தைவிடக் கைக்கு எப்போதும் நாள் கூடவே ஆகுமாம். கடைக்கு முன்னால் படுதா கட்டினோம். மேற்கு பார்த்த கடை, சாயங்கால வெயில் நேராக அவன் முகத்தில்தான் விழும். பதினேழு வருடமாக விழுந்துகொண்டிருக்கிறது, யாருக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது பயாப்சி முடிவு வந்தது. காதில் இருந்தது மாறிவிட்டிருந்தது. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, ஆரம்ப நிலை. சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டால் போதும், பரவியிருப்பதாகத் தெரியவில்லை என்றார்கள். டாக்டர் அம்மா 'கேன்சர்' என்ற சொல்லை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "கல்யாணம் முடிஞ்சு வரலாமாம்மா?" வரலாம், ஆனால் தள்ளிப் போடாமல் வர வேண்டும் என்று தேதி குறித்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்காரவில்லை, வெயில் படாத பக்கம் உட்கார்ந்தான். "தங்கச்சிகிட்ட இப்ப சொல்லிராத" என்றான். சொல்லவில்லை. ஆறு நாளும் மாலைக்குச் சொல்வதும் பலகாரத்துக்குச் சொல்வதுமாக அவனோடு சேர்ந்து நானும் ஓடிக்கொண்டிருந்தேன். ராத்திரி மட்டும் தூக்கம் வராது.

கல்யாணத்தன்று காலை ஏழேகாலுக்கு மேளம் தொடங்கியது. முழுக்கைச் சட்டை, வேட்டி, புறங்கையில் புதுப் பிளாஸ்டர். ஆறிய இடங்களில் சன்ஸ்கிரீன். புண் வாயாக இருக்கும்போது அதைப் போடக் கூடாது, தோல் மூடிய பிறகுதான். கறுப்புக் குடையை என் மகன் பிடித்துக்கொண்டு வந்தான். போட்டோக்காரர் குடையை எடுக்கச் சொன்னார். "ஒரு போட்டாவுக்கு மட்டும்" என்று தம்பியே குடையைத் தள்ளிவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றான். மாலையைக் கொடுக்கும்போது மருமகள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கட்டுப் போட்ட கையை. அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

மறுவாரம் ஆபரேஷன். மரத்துப்போக ஊசி போட்டு, காது விளிம்பில் ஆப்பு வடிவில் வெட்டித் தைத்துவிட்டார்கள். தையல் பிரித்தாயிற்று. ஓரம் எல்லாம் சுத்தம் என்று முடிவும் வந்துவிட்டது. வலது காதில் ஒரு சின்ன வெட்டு மாதிரி நிற்கிறது. அவன் கண்ணாடியில், கண்ணாடிக்கு ரொம்பப் பக்கத்தில் போய், பார்த்துவிட்டுச் சொன்னான்: "எக்கா, நம்ம ஆடுன்னு தெரியறதுக்கு எத்தன ஆட்டுக்குக் காது வெட்டியிருப்பேன். இப்ப எனக்கு வெட்டிவிட்டாச்சு. இனி எங்க தொலஞ்சாலும் கண்டுபிடிச்சுரலாம்."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். வெயில் செய்த வேலை முப்பது வருடத்தது, ஒன்பது இடத்தோடு முடியாது, புதிது வந்துகொண்டிருக்கும், வர வர எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள். அதனால் இப்போது தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவன் முற்றத்தில் உட்காருவான். நான் கண்ணை மூடிக்கொண்டு அவன் நெற்றி, பொட்டு, காது, பிடரி, கை எல்லாம் விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். அந்த டாக்டர் அம்மாவிடம் படித்தது. இந்த வருடம் எடுத்த சட்டை நான்கும் முழுக்கை.

நேற்று இடது பொட்டில், முடி தொடங்குகிற இடத்தில், அரிசி அளவுக்கு ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டது. பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். திரவ நைட்ரஜன் கேன் வருவது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு முதல் பஸ்ஸில் போகிறோம். வாசலின் புது டப்பா வாங்கியாயிற்று.